காலக்கெடு வைத்த பூட்டில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கும்பகோணத்தில் உட்கார்ந்து நாங்கள் பராமரிக்கும், சி மொழியில் எழுதிய ஒரு நிரல் நூலகம், வாய்க்கால் தலைப்பில் நீர்மட்டம் அளக்கும் பெட்டிகளிலும் பம்ப்செட் ஓட்டும் பெட்டிகளிலும் ஓடுகிறது. உள்ளே ஒரு சின்ன லினக்ஸ் பலகை, கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு ஆர்எஸ்-485 கம்பி, ஒரு 4ஜி மோடம், ஒரு மெமரி கார்டு. கம்பி ஒன்றுதான், அதைக் கேட்கும் த்ரெட்கள் (ஒரே ப்ரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) மூன்று நாலு. அதனால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் மென்பொருள் பூட்டு வேண்டும். ‘மோட்டாரை நிறுத்து’ என்று வரும் கட்டளை அந்தப் பூட்டுக்காக விடிய விடியக் காத்துக் கிடக்க முடியாது. அதனால் காலக்கெடுவும் வேண்டும்.

சாதாரணப் பூட்டு எழுதுவது பழகிய வேலை. காலக்கெடு சேர்ந்ததும் இரண்டு புதுக் கேள்விகள் முளைக்கின்றன. எந்தக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எண்ணுவது? காத்திருந்த த்ரெட் ‘போதும்’ என்று எழுந்துபோகும் அதே கணத்தில் பூட்டு அதன் கைக்கு வந்தால் என்ன செய்வது? கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குத் தப்பான பதில் சொன்னதால் வருபவை. உங்கள் பெட்டியில் தெரிவது எதுவோ, நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள்.

தொடும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பெட்டி மாட்டிக்கொண்ட நிலையிலேயே இருக்கிறதா? ரீபூட் செய்யாதீர்கள். களத்தில் இருக்கும் ஆள் அவசரப்பட்டு சுவிட்சை அணைத்துப் போடுவதற்குள் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, ஒரு பத்து நிமிஷம் அப்படியே விடுங்க.” மாட்டிய நிலைதான் சாட்சி.

ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை ஓடும் ப்ராசஸோடு இணைத்து எல்லா த்ரெட்களின் ஸ்டாக்கையும் (எது எந்த ஃபங்ஷனுக்குள் நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்துக்கொள்ளுங்கள். கெர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸை, ஃபியூடெக்ஸ் (பூட்டுக்காகத் தூங்கவும் எழுப்பவும் கெர்னல் தரும் வசதி) அழைப்புகளுக்கு மட்டும் வைத்து அரை நிமிடம் ஓட விடுங்கள். ப்ராக் கோப்பகத்தில் அந்தந்த த்ரெட்டின் டபிள்யூசான் கோப்பைப் பார்த்தால் கெர்னலுக்குள் எங்கே தூங்குகிறது என்று தெரியும். கூடவே, பூட்டு அழைப்பு என்ன எண்ணைத் திருப்பியது என்பது பதிவேட்டில் (லாக்) இருக்க வேண்டும். லினக்ஸில் 110 என்றால் காலக்கெடு முடிந்தது, 22 என்றால் கொடுத்த மதிப்பு செல்லாது, 4 என்றால் சிக்னல் வந்து குறுக்கிட்டது, 11 என்றால் ‘நீ எதிர்பார்த்த மதிப்பு அங்கே இல்லை, மறுபடி பார்’.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பீ-த்ரெட் மியூடெக்ஸ் (ஒருவர் மட்டும் பிடிக்கும் பூட்டு) அழைப்புகள் பிழை எண்ணை நேரடியாகவே திருப்பித் தரும். செமஃபோர் (எண்ணிக்கை வைத்துக் காக்க வைக்கும் பூட்டு) அழைப்புகள் மைனஸ் 1 தந்துவிட்டு எண்ணை எர்நோ என்ற தனி இடத்தில் வைக்கும். இரண்டையும் ஒரே மாதிரி கையாளும் நூலகத்தில், ‘பூஜ்யம் இல்லாதது எல்லாம் டைம்அவுட்’ என்று எழுதிய ஒரு வரி எங்காவது இருக்கும். அந்த வரி இருக்கும்வரை 22-உம் 110-உம் ஒன்றாகவே தெரியும். நீங்கள் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். முதலில் அதைத் திருத்திவிட்டு வேறு எதையும் பாருங்கள்.

அறிகுறி: கரண்டு போய் வந்த சில நிமிடங்களில் எல்லாப் பூட்டும் ஒரே நேரத்தில் காலாவதி ஆகிறது

டெல்டாவில் நாங்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். புகார் இப்படி வரும்: “கரண்டு வந்து கொஞ்ச நேரம் நல்லாத்தான் ஓடுச்சு சார். அப்புறம் எல்லாம் எரர்னு காட்டுது. தானா சரியாயிடுச்சு.”

காரணம் சுவர்க்கடிகாரம். மலிவான பலகைகள் பலவற்றில் பேட்டரியோடு கூடிய கடிகாரச் சிப்பு கிடையாது. ராஸ்பெரி பை 4 வரைக்கும் அப்படித்தான். அணைந்து எழுந்ததும் பலகை, கடைசியாகக் கோப்பில் எழுதி வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். மோடம் இணைந்து, இணையத்திலிருந்து சரியான நேரம் வாங்கும் என்டிபியின் பதில் வந்ததும் நேரம் ஒரே தாவலில் முன்னே போகும். இரண்டு மணி நேரம் கரண்டு இல்லாமல் இருந்தால் தாவல் சுமார் இரண்டு மணி நேரம். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு பல ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு இடைவெளிக்குப் பின் எழும் பலகைக்கு அத்தனை நாட்களும் ஒரே நொடியில் கடந்துபோகும்.

செமஃபோரின் டைம்டுவெயிட், கண்டிஷன் வேரியபிளின் (ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை காக்க வைக்கும் வசதி) டைம்டுவெயிட், மியூடெக்ஸின் டைம்டுலாக் மூன்றுமே ‘இத்தனை நொடி’ என்று கேட்பதில்லை. ‘இந்த நேரம் வரை’ என்று கேட்கின்றன. அந்த நேரம், நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ரியல்டைம் கடிகாரத்தின்படி, அதாவது சுவர்க்கடிகாரத்தின்படி. நீங்கள் ‘இப்போது கூட்டல் 2 நொடி’ என்று கணக்குப் போட்டுக் கொடுத்தீர்கள். நடுவில் கடிகாரம் இரண்டு மணி நேரம் தாவியது. கெடு முடிந்ததாகக் கெர்னல் எழுப்பிவிடுகிறது. கெர்னல் மேல் தப்பு இல்லை.

எதிர்த்திசையில் தாவினால் இன்னும் மோசம். யாரோ கையால் தேதியைத் தப்பாக வைத்து, பிறகு என்டிபி அதைப் பின்னே இழுத்தால், 2 நொடிக் காத்திருப்பு இரண்டு மணி நேரக் காத்திருப்பாக நீளும். முன்னே தாவினால் பதிவேட்டில் பிழையாவது விழும். பின்னே தாவினால் பெட்டி சும்மா உறைந்து நிற்கும். ஒரு வரியும் விழாது.

உறுதி செய்வது எளிது. பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் இரண்டு கடிகாரங்களின் நேரத்தையும் எழுதுங்கள்: ரியல்டைம் ஒன்று, பெட்டி எழுந்ததிலிருந்து எண்ணும், தேதியை மாற்றினாலும் தாவாத மோனோடானிக் ஒன்று. பூட்டு உடைந்த வரிகளுக்கு நடுவே ரியல்டைம் பெரிதாகத் தாவியிருந்து மோனோடானிக் சில மில்லிநொடிதான் நகர்ந்திருந்தால் வழக்கு முடிந்தது.

சரிசெய்ய, எல்லாக் காலக்கெடுவையும் மோனோடானிக் கடிகாரத்துக்கு மாற்ற வேண்டும். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியில் 2.30, அதாவது 2019 ஆகஸ்ட் பதிப்பு முதல், எந்தக் கடிகாரம் என்று அழைப்பிலேயே சொல்லக்கூடிய செம் கிளாக்வெயிட், மியூடெக்ஸ் கிளாக்லாக், கான்ட் கிளாக்வெயிட் மூன்றும் கிடைக்கின்றன. பைத்தான் தன் த்ரெட் பூட்டை 3.11 பதிப்பில் செம் கிளாக்வெயிட்டுக்கு மாற்றியதும் இந்தத் தாவல் பிரச்சினைக்காகத்தான். பழைய ஜிலிப்சியில் மாட்டிக்கொண்டிருந்தால், கண்டிஷன் வேரியபிளை உருவாக்கும்போதே அதன் பண்புகளில் மோனோடானிக் கடிகாரத்தை அமைத்து, பூட்டை அதன் மேல் கட்டுங்கள். இனிஷியலைசர் மேக்ரோவால் நிலையாக உருவாக்கிய கண்டிஷன் வேரியபிளில் இது நடக்காது. அது எப்போதும் ரியல்டைம்தான். இனிட் அழைப்பின் வழியாகத்தான் போக வேண்டும். இது கோடு மதிப்பாய்வில் எளிதாகக் கண் தப்பும்.

மாற்றும்போது பாதி மாற்றிவிட்டு நிற்காதீர்கள். மோனோடானிக்கில் கணக்கிட்ட கெடுவை ரியல்டைம் எதிர்பார்க்கும் அழைப்புக்குக் கொடுத்தால், பெட்டி எழுந்து மூன்று மணி நேரம்தான் ஆகிறது, ரியல்டைமோ 1970 தொடக்கத்திலிருந்து எண்ணுவது என்பதால் அது 1970 ஜனவரி 1-ஆம் தேதி விடியற்காலை என்று படிக்கப்படும். உடனே 110. தலைகீழாக, ரியல்டைம் கெடுவை மோனோடானிக் அழைப்புக்குக் கொடுத்தால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தூங்கும். ‘எப்போதும் உடனே திரும்புகிறது’, ‘ஒருபோதும் திரும்புவதில்லை’ என்ற இரண்டு அறிகுறிகளுக்கும் முதல் சந்தேகம் இந்தக் குழப்பமாக இருக்கட்டும்.

ஃபியூடெக்ஸை நேரடியாக அழைப்பவர்களுக்கு இதே குழப்பத்தின் இன்னொரு வடிவம் உண்டு. வெறும் ஃபியூடெக்ஸ் வெயிட்டுக்குக் கொடுக்கும் காலம் ‘இன்னும் இவ்வளவு நேரம்’ என்ற கணக்கு. வெயிட் பிட்செட்டுக்குக் கொடுப்பது ‘இந்த நேரம் வரை’ என்ற கணக்கு. இரண்டிலும் வேறு எதுவும் சொல்லாவிட்டால் மோனோடானிக்தான். காலக்கெடுப் பூட்டுக்கு நான் எப்போதும் பிட்செட்டைத்தான் எடுப்பேன். காரணம் மூன்றாவது அறிகுறியில் வரும்.

அறிகுறி: கோடையில் ஒன்றுமில்லை, வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் பூட்டு சில சமயம் நொடியில் தோற்றுத் திரும்புகிறது

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வெண்ணாற்றிலும் அரசலாற்றிலும் பிரிந்து வரும் வரை பெட்டிகளுக்கு அதிக வேலை இல்லை. கால் மணிக்கு ஒரு அளவீடு. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நிமிடத்துக்கு ஒன்று. பம்ப்செட் கட்டளைகளும் கூடும். கம்பிக்குப் போட்டி வருகிறது. அப்போதுதான் இந்தப் பிழை தலைகாட்டும்.

திரும்பும் எண்ணைப் பாருங்கள். 22 என்றால் பெரும்பாலும் நானோநொடி வழிந்திருக்கிறது. கெடுவில் நொடி தனி, நானோநொடி தனி. நானோநொடி 0 முதல் 999,999,999 வரைதான் இருக்கலாம். இப்போதைய நேரத்தின் நானோநொடியோடு 200 மில்லிநொடியைக் கூட்டிவிட்டு, அது நூறு கோடியைத் தாண்டினால் ஒரு நொடியை அந்தப் பக்கம் தள்ளாமல் விட்டால், சராசரியாக ஐந்தில் ஒரு அழைப்பு செல்லாத மதிப்போடு போகும்.

அப்படியானால் கோடையிலும் ஐந்தில் ஒன்று தோற்றிருக்க வேண்டுமே? இல்லை. பூட்டு காலியாக இருந்து உடனே கிடைத்துவிட்டால், டைம்டுலாக் உங்கள் கெடுவைப் பரிசோதிக்க வேண்டிய கட்டாயமில்லை. காத்திருக்க நேரும்போதுதான் அந்த மதிப்பு பார்க்கப்படுகிறது. போட்டி இல்லாத மேசைச் சோதனையில் இந்தப் பிழை பிடிபடாது.

இதன் பங்காளி ஒன்று 32-பிட் இன்ட்டால் வரும். அறிகுறி விசித்திரமாக இருக்கும்: 2 நொடிக் கெடு சரியாக வேலை செய்கிறது, 3 நொடிக் கெடு 22 தருகிறது, 5 நொடிக் கெடு முக்கால் நொடி ஆகும் முன்பே முடிந்துவிடுகிறது. மில்லிநொடியைப் பத்து லட்சத்தால் பெருக்கி நானோநொடி ஆக்கும் வரி சாதாரண இன்ட்டில் நடக்கிறது. 32-பிட் இன்ட் 2,147,483,647-இல் நிரம்பிவிடும். நானோநொடிக் கணக்கில் அது 2.147 நொடி. 3000 மில்லிநொடி அதைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு எதிர்மறை எண் ஆகிறது. 5000 மில்லிநொடி இன்னொரு சுற்றில் 705,032,704 ஆகி நிற்கிறது. அதுதான் அந்த 0.7 நொடி. பெருக்கும் முன்னால் 64-பிட்டுக்கு மாற்றுங்கள். பெருக்கிவிட்டு மாற்றினால் பயனில்லை. அதற்குள் எண் கெட்டுப்போயிருக்கும்.

அறிகுறி: 2 நொடி என்று சொன்னால் 6 நொடி, சில சமயம் 20 நொடி எடுக்கிறது

இதற்குக் காரணம் மூன்று இருக்கலாம்.

சிக்னல் குறுக்கிட்டு 4 என்று திரும்பியதும், அதே 2 நொடியை மறுபடி கொடுத்துக் காத்திருக்கும் லூப்தான் முதல் சந்தேகம். ஒவ்வொரு நொடியும் டைமர் சிக்னல் வரும் ப்ராசஸில் அந்தக் காத்திருப்பு முடியவே முடியாது. ஒவ்வொரு முறையும் 2 நொடி புதிதாகத் தொடங்கும். கெடுவை உள்ளே நுழைந்ததும் ஒரே தடவை கணக்கிட்டு, லூப்பின் எல்லாச் சுற்றுக்கும் அதையே பயன்படுத்த வேண்டும். ‘இந்த நேரம் வரை’ என்று கேட்கும் அழைப்பில் இது இயல்பாக வந்துவிடும். ‘இன்னும் இவ்வளவு நேரம்’ வகையில் ஒவ்வொரு சுற்றிலும் மிச்சத்தைக் கழித்துக் கணக்கிட வேண்டும். யாராவது ஒருநாள் மறந்துபோவார்கள். பிட்செட்டை எடுப்பேன் என்று சொன்னது இதனால்தான்.

அடுத்தது கண்டிஷன் வேரியபிள். அதன் டைம்டுவெயிட் கெடு முடிந்து எழுந்தாலும், உள்ளே இருக்கும் மியூடெக்ஸை மறுபடி பிடித்துக்கொண்டுதான் உங்களிடம் திரும்பும். அந்தப் பிடிப்புக்குக் கெடு கிடையாது. அந்த மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு வேறு ஒரு த்ரெட் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை நீங்கள் நிற்க வேண்டியதுதான். உள் மியூடெக்ஸின் கீழ் ஒரு கொடியை மாற்றுவதற்கு மேல் எதுவும் செய்யக்கூடாது. திரும்பியதும் 110 வந்திருந்தாலும் நிபந்தனையை மறுபடி பார்த்துவிட்டுத்தான் தோல்வி என்று சொல்ல வேண்டும். மியூடெக்ஸ் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதால் அதை விடவும் வேண்டும். பிழைப் பாதையில் மட்டும் அன்லாக்கை விட்டுவிட்ட கோடு எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கெடு ஏறக்குறைய சரியாகவே முடிகிறது. ஆனால் எழுந்த த்ரெட்டுக்கு சிபியு கிடைக்கவில்லை. ஒற்றை கோர் பலகையில் ஏதோ ஒரு த்ரெட், சாதாரண த்ரெட்களுக்கு வழிவிடாத ஃபைஃபோ முன்னுரிமையில் சுற்றிக்கொண்டிருந்தால் இது நடக்கும். மைக்ரோநொடிகளில் வித்தியாசம் என்றால் கவலை வேண்டாம். லினக்ஸ் சாதாரண த்ரெட்களின் டைமரை 50 மைக்ரோநொடி வரை தளர்த்தி வைக்கும். வாய்க்கால் மட்டம் அளப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அறிகுறி: பூட்டு காலியாக இருக்கிறது, ஆனால் எல்லோரும் தூங்குகிறார்கள்

மிகக் கடினமானது இதுதான். ஜிடிபியில் பூட்டின் மதிப்பு 0. யாரும் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் இரண்டு த்ரெட்கள் ஃபியூடெக்ஸில் தூங்குகின்றன. சில நொடி கழித்து அவற்றின் கெடு முடிந்து 110 வருகிறது. கெடு இல்லாமல் காத்திருப்பவை எழவே எழாது.

பரவலான மூன்று நிலைப் பூட்டை எடுத்துக்கொள்வோம். 0 காலி. 1 பிடிக்கப்பட்டது. 2 பிடிக்கப்பட்டது, காத்திருப்பவரும் இருக்கலாம். விடுபவர் மதிப்பை 0 ஆக்கிவிட்டு, பழைய மதிப்பு 2 ஆக இருந்தால் மட்டும் ஒருவரை எழுப்புகிறார். 1 ஆக இருந்தால் கெர்னலுக்குப் போகாமலே முடித்துவிடுகிறார். வேகத்தின் ரகசியமே அதுதான்.

இப்போது அ, ஆ இரண்டு த்ரெட்களும் தூங்குகின்றன. விடுபவர் பூட்டை 0 ஆக்கி அ-வை எழுப்புகிறார். அ எழுந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறது. கெடு சற்று முன்தான் தாண்டியிருக்கிறது. ‘டைம்அவுட்’ என்று சொல்லி வெளியேறுகிறது. எழுப்பும் அழைப்பு ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதை அ வாங்கி வீணாக்கிவிட்டது. பிறகு இ என்ற புது த்ரெட் வருகிறது. பூட்டு 0. அதை 1 ஆக்கி எடுக்கிறது, வேலை முடித்து விடுகிறது. பழைய மதிப்பு 1 என்பதால் யாரையும் எழுப்பவில்லை. ஆ தூங்கிக்கொண்டே இருக்கிறது.

கெர்னல் இங்கே நேர்மையாகத்தான் நடக்கிறது. எழுப்பலும் கெடுவும் ஒரே நேரத்தில் வந்தால், எழுப்பப்பட்ட த்ரெட்டுக்கு லினக்ஸ் 0 என்றே திருப்புகிறது. 110 என்று சொல்லி எழுப்பலை விழுங்குவதில்லை. விழுங்குவது நம் கோடு.

எழுந்ததும் செய்ய வேண்டிய வரிசை இது. எதற்காக எழுந்தோம் என்று பார்க்கும் முன், பூட்டில் 2 என்று எழுதி அங்கே இருந்த மதிப்பை வாங்கும் ஒரே அணுச் செயலைச் (நடுவில் வேறு த்ரெட் புக முடியாத செயல்) செய்யுங்கள். பழைய மதிப்பு 0 என்றால் பூட்டு உங்களுடையது. கெடு தாண்டியிருந்தாலும் வெற்றி என்றே திரும்புங்கள். 0 இல்லை என்றால் வேறு யாரோ பிடித்திருக்கிறார், ஆனால் அங்கே இப்போது 2 இருக்கிறது. அவர் விடும்போது ஆ-வை எழுப்புவார். அதன் பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் நிம்மதியாக வெளியேறலாம். இங்கே 2-க்குப் பதில் 1 எழுதினாலும் அதே நோய் திரும்பி வரும். ‘இப்போது காத்திருப்பவர் யாருமில்லை, 1 போதுமே’ என்று யாராவது மேம்படுத்த வந்தால் தடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வெளியேறியவர் விட்டுப்போன 2-ஐ யார் சுத்தம் செய்வது என்று கேட்பார்கள். யாரும் வேண்டாம். அடுத்து விடுபவர் ஒருமுறை வெட்டியாகக் கெர்னலை எழுப்பச் சொல்வார், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நிலை எண்ணுக்குப் பதில் காத்திருப்போர் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் வடிவமைப்பு என்றால் கதை வேறு: டைம்அவுட் பாதையில் எண்ணிக்கையைக் குறைக்க மறந்தால் அது ஏறிக்கொண்டே போகும், ஒவ்வொரு அன்லாக்கும் தேவையில்லாமல் சிஸ்டம் கால் போடும். பெட்டி மெல்ல மெல்ல மந்தமாகும்.

இனி, வரிசைப்படி கையில் கொடுக்கும் பூட்டுகள். யாருக்கும் அநியாயம் நடக்கக்கூடாது என்று, விடுபவர் வரிசையில் முதலில் நிற்பவருக்கே நேரடியாகப் பூட்டை மாற்றிக் கொடுக்கும் வடிவமைப்பு இது. இங்கே அறிகுறி வேறு: பூட்டு பிடிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும், பிடித்தவர் யார் என்று பார்த்தால், அந்த த்ரெட் எப்போதோ டைம்அவுட் வாங்கிக்கொண்டு வேறு வேலையில் இருக்கும். முறைத்தண்ணீர் மாதிரிதான். உங்கள் வயலுக்கு முறை வரும் நேரத்தில் மடையைத் திறந்து விட்டார்கள். நீங்களோ ‘இனி வராது’ என்று வீட்டுக்குப் போய்விட்டீர்கள். தண்ணீர் உங்கள் கணக்கில் ஓடுகிறது, கீழ்மடைக்காரர் வரப்பில் நிற்கிறார்.

வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைச் சொல் வையுங்கள்: காத்திருக்கிறார், கொடுக்கப்பட்டது, விலகினார். கொடுப்பவர் ‘காத்திருக்கிறார்’ என்பதை ‘கொடுக்கப்பட்டது’ ஆக மாற்ற ஒப்பிட்டு மாற்றும் அணுச் செயலைப் பயன்படுத்துவார். கெடு முடிந்தவர் ‘காத்திருக்கிறார்’ என்பதை ‘விலகினார்’ ஆக மாற்ற அதே செயலைப் பயன்படுத்துவார். இருவரில் ஒருவர்தான் ஜெயிக்க முடியும். விலகப் பார்த்தவர் தோற்றால் பூட்டு ஏற்கெனவே அவர் கையில். வெற்றி என்று திரும்பியே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் ஒழுங்காகப் பூட்டை விட்டுவிட்டு 110 சொல்லலாம். கொடுப்பவர் தோற்றால் அடுத்தவரிடம் போக வேண்டும்.

இந்த நிலைச் சொல் த்ரெட்டின் ஸ்டாக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘விலகினார்’ என்று எழுதிவிட்டு ஃபங்ஷனை விட்டு வெளியேறிய பிறகும் அது வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தால், கொடுப்பவர் செத்துப்போன நினைவகத்தைத் தொடுவார். சில நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் ப்ரோகிராம் விழும். வரிசையைக் காக்கும் உள்பூட்டின் கீழ் தன் முனையைக் கழற்றிவிட்டுத்தான் விலகுபவர் போக வேண்டும்.

அறிகுறி: ஒரே இடத்திலிருந்து கூப்பிட்டால் எப்போதும் டைம்அவுட்

சில சமயம் வரும், சில சமயம் வராது என்பது இல்லை. ஒவ்வொரு முறையும் 110. ஜிலிப்சி மியூடெக்ஸின் உள் தரவில் ஓனர் புலத்தை ஜிடிபியில் பாருங்கள். அதில் இருப்பது த்ரெட் எண். காத்திருக்கும் த்ரெட்டின் எண்ணும் அதுவேதான் என்றால், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடி கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரு கால்பேக் (வேறொரு கோடு திருப்பி அழைக்கும் நம் ஃபங்ஷன்) வழியாக. கெடு இல்லாத பூட்டாக இருந்தால் முதல் நாளே உறைந்து நின்று பிடிபட்டிருக்கும். கெடு இருப்பதால் ‘கம்பி பிஸி’ என்ற மரியாதையான வேஷத்தில் மாதக்கணக்கில் ஓடும். சோதனைப் பில்டில் பிழை பரிசோதிக்கும் வகை மியூடெக்ஸைப் போட்டால் 110-க்குப் பதில் 35 (‘பூட்டு ஏற்கெனவே உன்னிடம்தான்’) வரும், உடனே தெரிந்துவிடும்.

ஓனர் வேறு த்ரெட் என்றால் அதன் ஸ்டாக்கைப் பாருங்கள். எங்கள் பெட்டிகளில் பாதிக்கு மேல் அது எஃப்சிங்க்கில், மெமரி கார்டு எழுதி முடிக்கக் காத்து நிற்கும். மலிவான கார்டு சில சமயம் நொடிக்கணக்கில் திணறும். கெடுவை 2-லிருந்து 10 நொடிக்கு ஏற்றினால் அறிகுறி போகும். மோட்டார் நிறுத்தும் கட்டளையும் 10 நொடி தாமதிக்கும். பூட்டின் கீழ் தரவை நகல் எடுத்துக்கொண்டு, பூட்டை விட்டுவிட்டு எழுதுங்கள்.

ஓனர் எண்ணில் த்ரெட்டே இல்லையா? இரண்டு ப்ராசஸ்கள் பகிர்ந்த நினைவகத்தில் வைத்த பூட்டு என்றால், பிடித்திருந்த ப்ராசஸ் செத்திருக்கும். ரோபஸ்ட் பண்போடு உருவாக்கினால் அடுத்தவருக்கு ‘பிடித்திருந்தவர் செத்துவிட்டார்’ என்று சொல்லும் 130 என்ற எண்ணோடு பூட்டு கிடைக்கும். தரவைச் சரிபார்த்து, கன்சிஸ்டன்ட் என்று அறிவித்துவிட்டுத் தொடர வேண்டும். அறிவிக்காமல் விட்டால் அந்த மியூடெக்ஸ் அதோடு பயனற்றுப்போகும். சொந்த ஃபியூடெக்ஸ் பூட்டைப் பகிர்பவர்கள் பிரைவேட் கொடியை எடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தக் கொடி இருந்தால் ஒரு ப்ராசஸின் எழுப்பல் மற்றதற்குப் போய்ச் சேராது.

அறிகுறி: காத்திருக்கும்போது சிபியு நூறு சதவீதம்

எஸ்ட்ரேஸில் வரிசையாக 11 தெரிந்தால், பூட்டின் மதிப்பு மாறியபிறகும் பழைய மதிப்பையே எதிர்பார்த்துக் கெர்னலுக்குப் போகிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி படியுங்கள். வரிசையாக 110 தெரிந்தால் கெடு முடிந்தபிறகும் லூப்பை விட்டு வெளியேறவில்லை. ஃபியூடெக்ஸ் அழைப்பே தெரியாவிட்டால் சுழன்று காத்திருக்கும் பகுதி வரம்பில்லாமல் ஓடுகிறது. ஒற்றை கோர் பலகையில் சுழல்வதே வீண். பூட்டை விட வேண்டியவருக்கு சிபியுவைத் தராமல் நீங்களே பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

அறிகுறி: லினக்ஸில் சரி, அலுவலக விண்டோஸ் கணினியில் மட்டும் உறைகிறது

மிச்ச நேரத்தைக் கழித்துக் கணக்கிடும்போது கெடு ஏற்கெனவே 3 மில்லிநொடி தாண்டியிருந்தால் விடை மைனஸ் 3. விண்டோஸின் வெயிட் அழைப்பு குறியில்லாத 32-பிட் எண்ணை வாங்குகிறது. மைனஸ் 3 அங்கே 4,294,967,293 மில்லிநொடி, அதாவது ஏறத்தாழ 49.7 நாள். மைனஸ் 1 என்றால் இன்ஃபினிட், முடிவே இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வெட்டிவிடுங்கள். அங்கே 5 மில்லிநொடிக் கெடு 15 வரை நீண்டால் அது பிழை அல்ல. வழக்கமான டைமர் துடிப்பே 15.6 மில்லிநொடிக்கு ஒன்று. விண்டோஸின் சொந்தப் பூட்டுகளான கிரிட்டிகல் செக்ஷனுக்கும் எஸ்ஆர்டபிள்யூ பூட்டுக்கும் காலக்கெடு வைத்த வடிவமே இல்லை என்பதால், ஃபியூடெக்ஸ் மாதிரியான வெயிட் ஆன் அட்ரஸின் மேல் நாமே கட்ட வேண்டும். மேலே சொன்ன விழுங்கப்பட்ட எழுப்பல் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

திருத்திய பிறகு ஓட்ட வேண்டிய சோதனை

மேசையில் ஒரு பலகையை வைத்து, எட்டு த்ரெட்கள் ஒரே பூட்டுக்கு மோதும்படி விடுங்கள். கெடுக்களைச் சில மைக்ரோநொடி முதல் சில மில்லிநொடி வரை கலந்து வையுங்கள். எழுப்பலும் கெடுவும் ஒரே கணத்தில் சந்திக்க வேண்டும் என்பதுதான் நோக்கம், பெரிய கெடு வைத்தால் சந்திக்கவே சந்திக்காது. ஒரு த்ரெட் மட்டும் கெடு இல்லாமல் காத்திருக்கட்டும். அது நகராமல் நின்றால் எழுப்பல் எங்கோ தொலைகிறது. கூடவே இடைவெளி டைமரால் சிக்னல்களை மழையாகப் பொழியுங்கள். இன்னொரு ஷெல்லிலிருந்து தேதியை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருங்கள். எல்லாம் முடிந்ததும் டாஸ்க்செட்டால் ஒரே கோரில் கட்டிப்போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஒவ்வொரு த்ரெட்டும் வாங்கிய வெற்றி, 110, மற்ற எண்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணிக் கடைசியில் அச்சிடச் சொல்லுங்கள். 22 ஒன்றே ஒன்று வந்தாலும் அந்தப் பதிப்பைக் களத்துக்கு அனுப்பாதீர்கள். நாங்கள் இதை இரவு முழுக்க ஓட விடுவோம். கரண்டு நின்று இன்வெர்ட்டருக்கு மாறினாலும் பலகை அணையக்கூடாது என்பதால், அதை எந்த பிளக்கில் செருகுவது என்பதையும் அலுவலகத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம்.